புட்டு மாவு பிசறிய கைக்கு இது புதிதா?



சென்ற முறை பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றிப் பேசினோம். இந்த முறை அடுப்பங்கரைக்குப் போவோம். "டீச்சருக்குச் சமையல் பக்கத்தில் என்ன வேலை?" என்று கேட்காதீர்கள். வகுப்பறையில் நான் சொல்லிக்கொடுக்கும் கணக்கில் பாதி அடுப்பங்கரையில்தான் இருக்கிறது. இதைப் படித்து முடிக்கும்போது நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

நம்மில் பலர் வீட்டில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பீச் பழ டின் இருக்கும். தீபாவளிக்கோ சீனப் பெருநாளுக்கோ யாரோ கொடுத்த பரிசுக் கூடையில் வந்திருக்கும். அல்லது விருந்தாளி வந்தால் ஆகும் என்று சம்பளத்தன்று நாமே வாங்கி வைத்திருப்போம். விருந்தாளி வருவார், போவார். டின் மட்டும் அசையாது. "நல்ல நாளுக்கு இருக்கட்டும்" என்று தூசி துடைத்து மறுபடியும் மேலேயே வைத்துவிடுவோம். ஒருநாள் எடுத்துப் பார்த்தால் தேதி கடந்திருக்கும்.

அந்த டின்னைக் கீழே இறக்குவதற்காகத்தான் இன்று எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டுப்பணி நாளன்று ஒரு தாய் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. மகள் கோலாலம்பூரில் ஹோட்டல் சமையல் படிக்கிறாள்.

"லீவுக்கு வந்தா டீச்சர். அங்க பீச் கிரம்பிள்னு ஒண்ணு செஞ்சாங்களாம். ரொம்ப நல்லா இருந்துச்சாம். நம்ம வீட்லயும் ஒரு டின்னு கெடக்கே, செய்வமான்னு கேட்டேன். 'அதெல்லாம் ஒனக்குத் தெரியாதும்மா, விடு'ன்னுட்டா" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது, கண்ணுக்குப் போகவில்லை. "அது தொரை வீட்டுப் பலகாரமாச்சே டீச்சர், நமக்கெல்லாம் எங்க வரும்?" என்று தானே முடித்தும் வைத்தார்.

நான் கேட்டேன்: "புட்டு மாவு பிசறத் தெரியுமா உங்களுக்கு?"

"என்ன டீச்சர், அது கூடத் தெரியாமலா இருப்பேன்?"

"அப்படியானால் கிரம்பிள் பாதி தெரியும். மீதிப் பாதி அடுப்பு பார்த்துக்கொள்ளும்" என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னேன். எப்படி என்று பாருங்கள்.

அது என்ன பலகாரம்?

கிரம்பிள் என்றால் உதிர்வது என்று பொருள். ஒரு தட்டில் பழத் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் கோதுமை மாவு, வெண்ணெய், சீனி மூன்றையும் உதிரி உதிரியாகப் பிசறித் தூவி, ஓவனில் வைத்துச் சுட்டு எடுப்பது. அடியில் பழம் குழைந்து சாறு விட்டிருக்கும். மேலே மாவு பொன்னிறமாக மொறுமொறு என்றிருக்கும். அவ்வளவுதான். மாவைத் திரட்ட வேண்டாம், தேய்க்க வேண்டாம், அச்சில் பிழிய வேண்டாம், முட்டை அடிக்க வேண்டாம். நம் அச்சு முறுக்குக்கு ஆகும் பாட்டில் கால்வாசி கூட இதற்கு ஆகாது.

இங்கிலாந்தில் பெரும்பாலும் ஆப்பிளில் செய்வார்கள். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டிலும் செய்வார்கள். பிளம்ஸ், பீச் எதிலும் செய்யலாம். நம் வீட்டு அலமாரியில் இருப்பது பீச் என்பதால் நாம் பீச்சில் செய்வோம்.

பீச் எங்கிருந்து வந்தது?

தமிழில் இதற்குக் குழிப்பேரி என்று ஒரு பெயர் உண்டு. கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் கடைக்காரர் விழிப்பார். பீச் என்றே சொல்வோம். இதன் அறிவியல் பெயரில் பாரசீகம் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாரசீகத்தின் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் அங்கேயே பிறந்த பழம் என்று அந்தக் காலத்தில் நினைத்துவிட்டார்கள். உண்மையில் இதன் தாய்நாடு சீனா. அங்கே பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரிடுகிறார்கள். சீனர்களுக்கு இது நீண்ட ஆயுளின் சின்னம். நம் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் பிறந்த நாளுக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசி, நுனி கூராக, பழ வடிவில் பாவ் அவித்து வைப்பார்களே, பார்த்திருப்பீர்கள். அது பீச் பழத்தின் உருவம்தான்.

நம் நாட்டில் ஏன் காய்ப்பதில்லை? பீச் மரத்துக்கு உறக்கம் வேண்டும். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, 7 பாகை செல்சியசுக்கும் கீழான குளிரில் நூற்றுக்கணக்கான மணி நேரம் அது உறங்கினால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். ஆண்டு முழுவதும் வியர்த்துக்கொண்டிருக்கும் நம் மண்ணில் அதற்கு உறக்கம் ஏது? வழக்கமான வகைகளுக்குக் கேமரன் மலையின் குளிர் கூடப் போதாது. ஆகவே டின்னில்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. கிரீஸ், தென்னாப்பிரிக்கா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வரும். டின்னின் மேல் எழுதியிருப்பதைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லி, எந்த நாடு என்று உலகப் படத்தில் காட்டச் சொல்லுங்கள். புவியியல் பாடம் இலவசம்.

இன்னொன்று. தகர டின்னில் உணவை அடைக்கும் முறைக்கு 1810இல் பிரிட்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர் காப்புரிமை பெற்றார். டின் என்பது இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசியது. அந்த வெள்ளீயத்துக்கு உலகம் பல பத்தாண்டுகள் நம் நாட்டைத்தான் பெரிதும் நம்பியிருந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை ஈப்போ பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு மலாயாவின் அன்னாசிப் பழமும் டின்னில் அடைபட்டு இங்கிலாந்துக்குப் பெருமளவில் கப்பலேறியது. நம் அன்னாசியை அவர்கள் டின்னைத் திறந்து சாப்பிட்டார்கள். நாம் பீச் டின்னைத் திறக்க இத்தனை தயங்குவானேன்?

மாவில் சேர்க்கும் மார்ஜரினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் மார்ஜரின் பெரும்பாலும் செம்பனை எண்ணெயில் ஆனது. செம்பனைக் குலையை அறுப்பது யார்? உதிரிப் பழத்தைக் குனிந்து பொறுக்குவது யார்? அந்தப் பொருளைத் துரை வீட்டுப் பொருள் என்று சொன்னால் நியாயமாகுமா?

துரைக்கும் பஞ்சம் வந்தது

துரைமார் பங்களாவில் டின் பழமும் கஸ்டர்டும் வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் போனது உண்மை. வெண்ணெயும் இறைச்சியும் குளிரூட்டிய கப்பலில் வந்து இறங்கின. சிங்கப்பூரில் 1903இல் தொடங்கிய கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனத்தின் வியாபாரமே அப்படி வளர்ந்ததுதான். ஆகவே பங்களாவின் பின்வாசலில் நின்று பார்த்த நம் பாட்டிமார்களுக்கு, அது வேறு யாருக்கோ உரிய சாப்பாடு என்று தோன்றியதில் தவறில்லை.

ஆனால் கிரம்பிளின் கதை வேறு. அது வீட்டுக்கு வீடு பரவியது செல்வத்தால் அன்று, பற்றாக்குறையால்.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பிரிட்டனுக்குப் பொருள் கொண்டுவரும் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. 1940 ஜனவரி 8ஆம் நாள் அங்கே உணவுப் பங்கீடு தொடங்கியது. வெண்ணெய், சீனி, உப்பிட்ட பன்றி இறைச்சி முதலில் பங்கீட்டுக்குள் வந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போயின. ஒரு கட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு வாரத்துக்கு வெண்ணெய் 2 அவுன்ஸ், சீனி 8 அவுன்ஸ். நம் கணக்கில் வெண்ணெய் ஏறத்தாழ 57 கிராம், சீனி 227 கிராம். வாரம் முழுவதற்கும் அவ்வளவுதான்!

அதுவரை அவர்கள் பழத்தை மாவுப் போர்வைக்குள் வைத்துப் 'பை' என்ற பலகாரம் சுடுவது வழக்கம். கீழே ஒரு போர்வை, மேலே ஒரு போர்வை. அதற்கு மாவும் கொழுப்பும் நிறைய வேண்டும். கையில் இருப்பதோ கொஞ்சம். என்ன செய்வாள் தாய்? இருக்கும் மாவையும் இருக்கும் கொழுப்பையும் உதிரியாகப் பிசறிப் பழத்தின் மேல் மட்டும் தூவினாள். அடியில் போர்வை இல்லை. மேலேயும் முழுப் போர்வை இல்லை. பிள்ளைகள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். அங்கே பங்கீடு முழுவதும் நீங்கியது 1954 ஜூலையில்தான். பஞ்சம் போன பிறகும் பலகாரம் போகவில்லை.

அதே ஆண்டுகளில் இங்கே என்ன நடந்தது? 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அரிசிக் கப்பல் நின்றது. தோட்டங்களில் வேலை நின்றது. நம் ஆட்களில் எத்தனையோ பேர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாமலே போனார்கள். லயத்தில் எஞ்சியவர்களைக் காப்பாற்றியது மரவள்ளிக் கிழங்கு. அவித்துத் தின்றார்கள், காயவைத்து இடித்து மாவாக்கினார்கள், அந்த மாவில் ரொட்டி தட்டினார்கள், புட்டும் அவித்தார்கள். இன்றும் நம் வீட்டில் மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தேங்காய்ப்பூ தூவினால், "ஜப்பான்காரன் காலத்துல..." என்று பெரியவர்களிடம் கேட்ட கதை ஒன்றை யாராவது எடுத்துவிடுவார்கள்.

இரண்டு துயரமும் ஒரே அளவு என்று நான் சொல்லவில்லை. நம்முடையது எத்தனையோ மடங்கு கொடியது. ஆனால் இரண்டு இடத்திலும் அடுப்பின் முன் நின்றவள் ஒருத்திதான். இருப்பதை வைத்துப் பிள்ளையின் வயிற்றையும் நாக்கையும் சமாளித்த தாய். அவள் கண்டுபிடித்த பலகாரத்தைப் பார்த்து இன்னொரு தாய் அஞ்ச வேண்டிய அவசியம் என்ன?

தேவையான பொருட்கள் (6 பேருக்கு)

பீச் டின், பெரியது (825 கிராம்) – 1
கோதுமை மாவு – 150 கிராம்
வெண்ணெய் அல்லது மார்ஜரின் – 75 கிராம்
சீனி – 50 முதல் 75 கிராம்
சோளமாவு – 1 தேக்கரண்டி
எலுமிச்சம்பழச் சாறு – 1 மேசைக்கரண்டி
பட்டைத் தூள் அல்லது சுக்குத் தூள் – கால் தேக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

மாவு சாதாரணக் கோதுமை மாவாக இருக்கட்டும். தானே உப்பும் கேக் மாவு வேண்டாம்.

தராசு இல்லையா? கவலை வேண்டாம். ரைஸ் குக்கருடன் வரும் கப்பில் ஒன்றரைக் கப் மாவு ஏறக்குறைய 150 கிராம். மார்ஜரின் 250 கிராம் கட்டியாக வாங்கினால் அதைச் சமமாகப் பத்துத் துண்டாக வெட்டுங்கள். மூன்று துண்டு 75 கிராம். சீனி தலைதட்டி 6 மேசைக்கரண்டி 75 கிராம்; 4 மேசைக்கரண்டி 50 கிராம்.

செய்முறை

முதலில் டின்னைப் பாருங்கள். மூடி உப்பியிருந்தாலும், ஓரத்தில் கசிந்திருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு குப்பையில் போட்டுவிடுங்கள். காசு போனால் வரும். வயிறு கெட்டால் ஆஸ்பத்திரி. நல்ல டின் என்றால் திறந்து, பழத்தை வடிகட்டியில் கொட்டிப் பாகை முழுவதும் வடியவிடுங்கள். மீதம் வைப்பதானால் டின்னிலேயே வைக்காதீர்கள். திறந்த டின்னில் காற்றுப் பட்டால் உள்பூச்சு பழத்தின் புளிப்பில் கரையும். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்துக்கு மாற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

வடித்த பழத்தை விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, ஓவன் சூட்டைத் தாங்கும் தட்டில் பரப்புங்கள். எட்டு அங்குலத் தட்டு சரியாக இருக்கும். சோளமாவை மூன்று மேசைக்கரண்டிப் பாகில் கரைத்து ஊற்றுங்கள். எலுமிச்சைச் சாற்றையும் பட்டைத் தூளையும் சேர்த்துக் கிளறிவிடுங்கள். டின் பழம் வெறும் தித்திப்பு. எலுமிச்சை சேர்ந்தால்தான் அதற்கு உயிர் வரும்.

இனி முக்கியமான கட்டம். வெண்ணெய் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குளிராக இருக்க வேண்டும். சிறு துண்டுகளாக வெட்டி, உப்புச் சேர்த்த மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் பிசறுங்கள். உள்ளங்கை படக்கூடாது. உள்ளங்கைச் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். குளிர் நாட்டில் இது அத்தனை சிரமம் இல்லை. அங்கே சமையலறையே ஐஸ் பெட்டி போல இருக்கும். நம் ஊரிலோ மத்தியானம் மேசைமேல் வைத்த வெண்ணெய் பத்து நிமிடத்தில் குழம்பாகிவிடும். ஆகவே காலையிலோ, மழை பெய்த மாலையிலோ செய்யுங்கள்.

எப்போது நிறுத்துவது? இங்கேதான் உங்கள் புட்டு உதவிக்கு வருகிறது. புட்டு மாவில் தண்ணீர் தெளித்துப் பிசறும்போது என்ன பார்ப்பீர்கள்? ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிடிபட வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். இதற்கும் அதே சோதனைதான். அங்கே தண்ணீர், இங்கே வெண்ணெய். அங்கே அரிசி மாவு, இங்கே கோதுமை மாவு. கோதுமை மாவில் நீர் சேர்ந்து பிசைந்தால் அது ரப்பர் போல இழுக்கும். அதனால்தான் ரொட்டி சானாயை அத்தனை மெல்லியதாக வீச முடிகிறது. இங்கே அந்த இழுவை வேண்டாம். வெண்ணெய் மாவுத் துகள் ஒவ்வொன்றையும் போர்த்திக்கொண்டு நீரை அண்டவிடாமல் செய்கிறது. அதனால் இழுவைக்குப் பதில் உதிரும் தன்மை வருகிறது. மாவு திரண்டு உருண்டையாகிவிட்டால் கை கூடுதலாக வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் கெட்டுவிடவில்லை. ஐஸ் பெட்டியில் இறுக வைத்து, பிறகு கிள்ளிக் கிள்ளிப் போட்டால் ஆயிற்று.

உதிரியானதும் சீனியைச் சேர்த்துக் கலந்து, கால் மணி நேரம் ஐஸ் பெட்டியில் வையுங்கள். பிறகு பழத்தின் மேல் பூத்தூவுவது போலத் தூவுங்கள். அழுத்தாதீர்கள். புட்டுக் குழலில் மாவை அழுத்தி அடைத்தால் ஆவி ஏறாது அல்லவா? இங்கேயும் அழுத்தினால் சாற்றின் ஆவி வெளியேற வழியில்லாமல் மாவு களியாகிவிடும்.

ஓவனைப் பத்து நிமிடம் முன்பே 180 பாகையில் சூடாக்கி, தட்டை நடு அடுக்கில் வைத்து 35 முதல் 40 நிமிடம் சுடுங்கள். மேலே பொன்னிறமாகி, ஓரங்களில் சாறு கொதித்துக் குமிழி விட்டால் பதம். வெளியே எடுத்துக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கொதிக்கும் பழச்சாறு நாக்கைப் பொத்துவிடும்.

ஓவன் இல்லாத வீட்டில்

நம் வீடுகளில் ஓவன் உண்டு என்று சொல்லும்போதே, அதற்குள் சட்டிபானை அடுக்கியிருப்பதும் எனக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன். பழத்தை ஒரு சட்டியில் போட்டு, கரைத்த சோளமாவும் எலுமிச்சையும் சேர்த்து, மெல்லிய தீயில் குழையவிட்டு இறக்குங்கள். உதிரி மாவைத் தனியே கனமான சட்டியில், புட்டுக்கு அரிசி மாவு வறுப்பது போல, கை விடாமல் கிளறிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சிறு தீயில் வறுங்கள். வாசனை வந்து பொன்னிறமானதும் உடனே வேறு தட்டில் கொட்டுங்கள். சட்டியிலேயே விட்டால் கருகும். ஆறினால் மொறுமொறுப்பாகும். சாப்பிடும் நேரத்தில் பழத்தின் மேல் தூவுங்கள். ஓவனில் சுட்டதற்கும் இதற்கும் சிறிது வேறுபாடு உண்டு. ஆனால் தட்டு காலியாகும் வேகத்தில் வேறுபாடு இராது.

மேலே கொஞ்சம் கஸ்டர்ட் ஊற்றிச் சாப்பிடுவது வழக்கம். முட்டையில்லாத அந்தக் கஸ்டர்ட் மாவை 1837இல் பர்மிங்காம் நகரத்து ஆல்பிரட் பேர்ட் தன் மனைவிக்காகக் கண்டுபிடித்தார். அந்த அம்மையாருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. பார்த்தீர்களா, அதுவும் ஓர் இல்லாமையில் பிறந்ததுதான்!

பீச் டின் விலை கூடுதல் என்றால் அன்னாசி, மாம்பழம், வாழைப்பழம் எதிலும் செய்யலாம். அன்னாசியை முதலில் சட்டியில் வதக்கித் தண்ணீர் சுண்டவிட வேண்டும். வாழைப்பழத்துக்குச் சீனியைப் பாதியாக்குங்கள்.

இனிக் கணக்கு

மாவு 150, வெண்ணெய் 75, சீனி 75. சுருக்கினால் 2 : 1 : 1. இதுதான் விகிதம். ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் புத்தகத்தில் பார்த்துப் பயப்படும் அதே விகிதம். மூன்றையும் கூட்டினால் 300 கிராம். ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 50. வீட்டுக்குப் பத்துப் பேர் வந்தால்? மொத்தம் 500 வேண்டும். அப்படியானால் மாவு 250, வெண்ணெய் 125, சீனி 125. இதைப் பிள்ளையைவிட்டுப் போடச் சொல்லுங்கள். சீனியை மட்டும் 50 ஆகக் குறைத்தால் விகிதம் என்னவாகும் என்று கேளுங்கள். விடை 6 : 3 : 2. கரும்பலகையில் நான் ஒரு வாரம் கத்திச் சொல்வதைக் கிரம்பிள் ஒரே மாலையில் சொல்லிக்கொடுத்துவிடும்.

செலவுக் கணக்கையும் போடச் சொல்லுங்கள். டின் என்ன விலை, மாவும் மார்ஜரினும் எவ்வளவு ஆனது, ஆறால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு? பட்டணத்துக் கடையில் ஒரு துண்டுக்கு என்ன விலை போடுகிறான்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். அம்மாவின் கையுழைப்புக்குக் கூலி எத்தனை வெள்ளி என்று அப்போது புரியும்.

ஓர் எச்சரிக்கை

ஆசை காட்டிவிட்டு ஆபத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர் வியாதி. நம் இந்தியச் சமூகத்தில் விகிதம் இன்னும் அதிகம். ஆகவே சீனியை 50 கிராமோடு நிறுத்துங்கள். அப்போது மேல்மாவில் ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவாகவே விழும். பாகில் ஊறிய பழத்துக்குப் பதில் பழச்சாற்றில் அடைத்த டின் கிடைத்தால் அதை வாங்குங்கள். வடித்த பாகைக் கிண்ணத்தில் ஊற்றிப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அது சீனித் தண்ணீர். மாவில் 50 கிராமைக் குறைத்து அதற்கு ஓட்ஸ் சேர்க்கலாம், மொறுமொறுப்பும் கூடும். வியாதி உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவை மீற வேண்டாம். வாரா வாரம் செய்யும் பலகாரம் அன்று இது. டின்னைத் திறக்கும் நாளே நல்ல நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகள்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தைப் படிக்கும் இளம் பெண்களே, ஆண் பிள்ளைகளே! நீங்கள் படித்து முன்னேறுவதைப் பார்க்கத்தான் உங்கள் அம்மாக்கள் விடியற்காலையில் எழுந்து காட்டுக்குப் போனார்கள். புதிய பெயர்களை நீங்கள் கற்றுக்கொண்டு வருவது அவர்களுக்குப் பெருமை. ஆனால் பெயர் தெரியாது என்பதற்காக வேலை தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாவின் பதம் அறிந்த விரலுக்கு எந்தக் கல்லூரிச் சான்றிதழும் ஈடாகாது. அந்தப் பதத்தைக் கற்றுக்கொள்ளத்தான் கல்லூரியில் கட்டணம் கட்டுகிறீர்கள்.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது, "உனக்குத் தெரியாது" என்று சொல்வதற்குப் பதில், "அம்மா, இந்த மாவு பதம் சரியா, கொஞ்சம் பிடித்துப் பார்" என்று கிண்ணத்தை நீட்டுங்கள். அளவை நீங்கள் சொல்லுங்கள். பதத்தை அவர் சொல்லட்டும்.

தாய்மார்களுக்கும் ஒன்று. நம் வீடுகளில் பலகாரம் சுட்டவள் கடைசியில் தட்டைச் சுரண்டித்தான் சாப்பிடுகிறாள். இதை அப்படிச் செய்ய முடியாது. நேரம் ஆனால் மேல்மாவு சாற்றில் ஊறிச் சொதசொதத்துவிடும். ஆறு பேருக்கு என்று கணக்குப் போட்டோமே, அந்த ஆறில் நீங்களும் ஒருவர். முதல் கரண்டியிலேயே உங்கள் பங்கையும் எடுத்து வைத்து, மற்றவர்களோடு உட்கார்ந்து சூட்டோடு சாப்பிடுங்கள்.

அடுத்த முறை, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளின் வாசிப்பு மறந்துபோகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம். அதுவரை, வணக்கம்.